முன்பல்லில் வெள்ளைத் திட்டு: எப்போது வந்தது என்பதுதான் முதல் கேள்வி

உங்கள் மகனுக்கு எட்டு வயது. பால்பல் விழுந்து முளைத்த மேல் முன்பற்கள் இரண்டிலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. நகத்திலும் அங்கங்கே வெள்ளைப் புள்ளி இருப்பதால் கால்சியம் குறைவு என்று வீட்டில் சொல்கிறார்கள். மாத்திரை கொடுக்கலாமா, பேஸ்ட்டை மாற்றினால் திட்டு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: மூன்று வயதுவரை அவன் தர்மபுரிப் பக்கம் கிராமத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்தான், இப்போது ஒன்றரை வயதுத் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும்விட அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. உண்மையில் நீங்கள் கேட்பது, இந்தத் திட்டு எதனால் வந்தது, இவனுக்கு என்ன செய்யலாம், சின்னவளுக்கும் வராமல் தடுக்க முடியுமா என்பதுதான். அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். சேலத்தில் 22 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். இருந்தாலும் வாயைத் திறந்து பார்க்காமல் உறுதியாக ஒரு பெயர் சொல்ல முடியாது. எது நிச்சயம், எது ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

கால்சியத்தை முதலில் முடித்துவிடுவோம். பல்லின் வெளிப்பூச்சான எனாமல், எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். அதை உருவாக்கும் செல்கள், பல் ஈறுக்குள் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுகின்றன. பல் வெளியே தலைகாட்டும்போது அந்தச் செல்கள் உதிர்ந்துபோகின்றன. எனாமலுக்குள் ரத்தக்குழாயும் கிடையாது. அதனால் இன்று விழுங்கும் மாத்திரை முளைத்துவிட்ட பல்லின் மேற்பூச்சுக்குப் போய்ச்சேர வழியே இல்லை. பால், தயிர், கேழ்வரகு, கீரை எல்லாம் எலும்புக்கு வேண்டும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவை இந்தத் திட்டை மாற்றாது. நகத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகத்தின் அடிப்பகுதியில் லேசாக அடிபட்டதால் வருவது. நகம் வளர வளர அது நுனிக்கு நகர்ந்து வெட்டும்போது போய்விடும். நகத்தையும் பல்லையும் ஒரே நூலில் கோர்த்துப் பார்ப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

சரி, அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வருகிறது? நல்ல எனாமல் கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். அதன் உட்பகுதியில் எங்காவது தாது குறைந்து நுண்ணிய துளைகள் உண்டானால், அந்த இடத்தில் ஒளி ஊடுருவாமல் சிதறித் திரும்புகிறது. நம் கண்ணுக்கு அது வெள்ளையாகத் தெரிகிறது. பஜ்ஜி வைத்த காகிதத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி ஊடுருவுவதாகிவிடும், காய்ந்த இடம் வெள்ளையாகவே இருக்கும். பல்லிலும் இதேதான் நடக்கிறது. துளைக்குள் எச்சில் இருக்கும்போது திட்டு மங்கலாகத் தெரியும். காய்ந்து அங்கே காற்று புகுந்தால் பளிச்சென்று தெரியும். வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தைகளுக்குக் காலையில் எழுந்ததும் திட்டு பெரிதாகத் தெரிவதும், பத்து மணிக்குப் பார்த்தால் குறைந்திருப்பதும் இதனால்தான். ஒரே ராத்திரியில் திட்டு வளர்ந்துவிட்டது என்று பதறி வருபவர்களிடம் நான் இதைத்தான் விளக்குவேன்.

ஆக, வெள்ளைத் திட்டு என்றால் எனாமலில் அந்த இடத்தில் தாது குறைவு. ஏன் குறைந்தது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதைப் பிரிப்பதற்கு நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: பல் முளைத்து வந்தபோதே திட்டு இருந்ததா, முளைத்த பிறகு வந்ததா? பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். ஏழு வயதில் பல் பாதி முளைத்து நிற்கும் போட்டோ எல்லா வீட்டிலும் இருக்கும். அதிலேயே வெள்ளை தெரிந்தால், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது. நல்லபடியாக முளைத்த பல்லில் பிறகு வந்திருந்தால், அது வாய்க்குள் நடந்த விஷயம், பெரும்பாலும் சொத்தையின் ஆரம்பம்.

பிறகு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகனுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைப்பதால். பல்லின் மேல் படியும் மாவு போன்ற படலத்தில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் கூடக் கூட பிஎச் என்ற அளவு இறங்கும்; அந்த இடத்தில் அது ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். இப்படி வரும் வெள்ளை ஈறை ஒட்டிப் பிறை மாதிரி வளைந்திருக்கும், பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். பாட்டிலில் பால் குடித்துக்கொண்டே தூங்கும் குழந்தைகளின் மேல் பால்பற்களிலும், கிளிப் போட்ட பிள்ளைகளுக்குக் கிளிப்பைச் சுற்றியும் இதை அடிக்கடி பார்க்கிறேன். சரியாகத் துலக்காவிட்டால் கிளிப் போட்ட ஒரு மாதத்திலேயே வந்துவிடும். ஆனால் வெள்ளைத் திட்டுகளிலேயே நம் கையில் அதிகம் இருப்பது இதுதான். படலத்தை நீக்கி, சர்க்கரையைக் குறைத்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் துலக்கி வந்தால் எச்சிலில் இருக்கும் தாதுவே திரும்பப் போய் உட்காரும். குழி விழுந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

முளைக்கும்போதே இருந்தது என்றால் மூன்று முக்கியமான காரணங்களைப் பார்க்க வேண்டும். மேல் முன்பல்லின் எனாமல் குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் உருவாகத் தொடங்கி, நான்கு ஐந்து வயதில் முடிகிறது. உங்கள் மகனின் பல்லில் இப்போது தெரிவது அந்த வருடங்களின் பதிவு. அந்த வருடங்களில் பெரும்பகுதி அவன் தர்மபுரிப் பக்கம் இருந்திருக்கிறான். அதனால் முதல் சந்தேகம், தண்ணீர் வழியாக உடம்புக்குள் அளவுக்கு மீறிப் போகும் ஃபுளோரைடு. பல் உருவாகும் வயதில் அது அதிகமானால் எனாமல் சரியாக உருவாகாமல் திட்டு விழும், இதைத்தான் ஃபுளோரோசிஸ் என்கிறோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழத்திலிருந்து எடுக்கும் போர் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டும் கிணறுகள் அந்தப் பகுதியில் நிறைய. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013ல் திறந்தார்கள். அது பெரிய காரியம், அதன் பலனை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளும், குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சோறு பொங்கப் போர் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகளும் இன்னும் உண்டு. உங்கள் அப்பா வீட்டில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். குடிப்பதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். சமையலுக்கும், குழந்தைக்குப் பால்பவுடர் கலக்குவதற்கும் எந்தத் தண்ணீர் என்று தனியாகக் கேளுங்கள்.

இந்த நோயின் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது, உங்கள் கேள்வியோடு அதற்கு ஒரு பொருத்தம் இருப்பதால். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901ல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் போனார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லெல்லாம் பழுப்பேறியும் திட்டுத்திட்டாகவும் இருந்தன. ஊரார் சொன்ன காரணங்களில், பன்றிக்கறி அதிகம் தின்பது, கெட்ட பால் என்பவற்றோடு தண்ணீரில் கால்சியம் என்பதும் ஒன்று. வளர்ந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குத் திட்டு வரவில்லை என்பதைக் கவனித்தார். 1923ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி ஊரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வருகிறது என்று அங்கிருந்த பெற்றோர்களே கண்டுபிடித்திருந்தார்கள். மெக்கே அந்தக் குழாயைக் கைவிடச் சொன்னார். சில வருடங்களில் புதிதாக முளைத்த பற்கள் சுத்தமாக வந்தன. தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு என்று 1931ல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். நம் பக்கத்திலும் தாமதமில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி மக்களின் பற்களையும் எலும்புகளையும் பற்றி 1937லேயே மருத்துவக் கட்டுரை வந்துவிட்டது.

ஃபுளோரோசிஸ் திட்டுக்கு ஒரு சாயல் உண்டு. வலது பல்லில் இருப்பது இடது பல்லிலும் ஏறக்குறைய அதேபோல் இருக்கும். ஓரம் தெளிவாக இல்லாமல் மேகம் மாதிரி கரைந்து போகும். கூர்ந்து பார்த்தால் பல்லின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். முன்பற்களில் மட்டுமில்லாமல் பல பற்களில் இருக்கும். கடுமையாக இருந்தால் பல் முழுவதும் சுண்ணாம்பு வெள்ளையாக முளைத்து, பிறகு பழுப்பேறி, சில இடங்களில் பொத்துப்போகும். அந்தப் பழுப்பு முளைத்த பிறகு படிவது. லேசான வகையில் பல்லுக்குப் பலவீனம் ஏதுமில்லை. சொல்லப்போனால் சொத்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தாக்குப்பிடிக்கும். பார்வைக்கு மட்டும்தான் குறை. வருடங்கள் போகப் போக, மேற்பரப்பு தேய்ந்தும் எச்சிலின் தாது சேர்ந்தும் லேசான திட்டுகள் மங்குவதையும் பார்க்கிறோம்.

இரண்டாவது காரணம், அடி. குழந்தை நடை பழகும் வயதில் முகம் குப்புற விழுந்து பால்பல் உள்ளே ஏறியிருந்தாலோ, சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தாலோ, அதன் வேரை ஒட்டி உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் புதுப்பல்லில் தழும்பு மாதிரி ஒரு திட்டு விழும். பெரும்பாலும் ஒரே ஒரு பல்லில்தான் இருக்கும். உங்கள் மகனுக்கு இரண்டு பல்லிலும் இருப்பதால் இதன் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. திண்ணையிலிருந்து விழுந்தானா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டால் ஞாபகம் வரலாம்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. நீங்கள் வரும்போது நான் முன்பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கடைவாயைத்தான் பார்ப்பேன். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் நான்கு மூலையிலும் முளைக்கும். அது பால்பல் என்று நினைத்து, விழத்தானே போகிறது என்று விட்டுவிடும் வீடுகள் எத்தனையோ. அது வாழ்நாள் முழுவதற்குமான பல். அந்தக் கடைவாய்ப்பல்லும் முன்பல்லும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாகின்றன. சில குழந்தைகளுக்கு இந்த இரண்டு வகைப் பற்களிலும் சேர்ந்து எனாமல் குறைபாடு வரும். மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன், அதாவது கடைவாய்ப்பல்லிலும் முன்பல்லிலும் தாது குறைவு என்பது அதன் பெயர், எம்ஐஹெச் என்று சுருக்கமாகச் சொல்வோம். இந்தப் பெயரே 2001ல்தான் வந்தது, ஆனால் உலகம் முழுவதும் சுமார் எட்டில் ஒரு குழந்தைக்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதில் திட்டின் ஓரம் வரைந்ததுபோல் தெளிவாக இருக்கும். நிறம் வெள்ளையாகவோ பாலாடை நிறமாகவோ மஞ்சளாகவோ இருக்கும். இடது வலது ஒத்துப்போகாது, ஒரு பல்லில் பெரிதாகவும் பக்கத்துப் பல்லில் சின்னதாகவும் இருக்கும். முதல் மூன்று வருடங்களில் வந்த கடும் காய்ச்சல், நெஞ்சுச்சளி, அதற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக், பரம்பரை என்று பலவற்றோடு தொடர்பு காட்டியிருக்கிறார்கள். எதுவும் இன்னும் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அதனால், அந்த மருந்தைக் கொடுத்ததால்தான் வந்தது என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

கவலை ஏன் என்றால், முன்பல்லில் அழகுக்குறைவாக மட்டும் இருக்கும் இது கடைவாய்ப்பல்லில் உண்மையான பலவீனமாக இருக்கும். மெல்லும் பாரத்தில் எனாமல் உதிரும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். கூச்சத்தால் குழந்தை அந்தப் பக்கம் பிரஷ் போடாது. அடுத்த ஒரு வருடத்தில் சொத்தை ஆழமாகிவிடும். முன்பல்லில் வெள்ளையாக இருக்கிறது என்று பத்து வயதில் அழைத்து வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கடைவாய்ப்பற்கள் ஏற்கெனவே பாதி கரைந்திருந்தன. ஐஸ்கிரீம் வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை, நல்ல பிள்ளை என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். முளைத்த புதிதில் பார்த்திருந்தால் ஃபுளோரைடு வார்னிஷும் மேலே ஒரு பூச்சும் போட்டு நிறையக் காப்பாற்றியிருக்கலாம். அன்றிலிருந்து முன்பல் திட்டோடு யார் வந்தாலும் கடைவாயில் வெளிச்சம் அடிக்காமல் விடுவதில்லை.

இந்த மூன்றைத் தவிர பரம்பரையாக எனாமலே சரியாக உருவாகாத நிலை, கோதுமையின் பசைப்புரதம் ஒத்துக்கொள்ளாத நோய் போன்றவையும் உண்டு. அவை அரிது, வேறு அடையாளங்களும் கூடவே இருக்கும். அதனால் இங்கே நீட்டவில்லை.

உங்கள் மகனைப் பற்றி என் ஊகம் இது: ஊர், வயது, இரண்டு பல்லிலும் இருப்பது எல்லாம் சேர்ந்து லேசான ஃபுளோரோசிஸ் பக்கம் சாய்கிறது. எம்ஐஹெச் இல்லை என்று கடைவாய்ப்பல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டும் ஒரே வாயில் இருப்பதும் உண்டு.

இப்போது என்ன செய்வது? ஃபுளோரைடு என்று கேட்டதும் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டுக்கு ஓடாதீர்கள். எட்டு வயதில் அவனுடைய முன்பற்களின் எனாமல் உருவாகும் காலம் முடிந்துவிட்டது. வெளியே துப்பும் பேஸ்ட்டால் அந்தத் திட்டு கூடப்போவதில்லை. ஆனால் அதை நிறுத்தினால் சொத்தை வரும் வாய்ப்பு கூடும். சுமார் 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட்டால் காலையும் இரவும் துலக்கட்டும், துப்பட்டும், அதன்பின் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. எலுமிச்சை, சமையல் சோடா, உப்பு, கரித்தூள் எதையும் தேய்க்க வேண்டாம். திட்டு எனாமலின் உள்ளே இருக்கிறது, மேலே தேய்த்தால் நல்ல பகுதிதான் போகும். எலுமிச்சையின் அமிலம் அதைக் கரைக்கவும் செய்யும்.

திட்டை மறைக்க வழிகள் இருக்கின்றன. மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் முறை ஒன்று. இன்னொன்று, அமிலத்தால் மேல்தோலைத் திறந்து, நீர்போன்ற ரெசின் என்ற பிசினைத் துளைகளுக்குள் இறக்கி ஒளியால் உறைய வைப்பது. எண்ணெய் ஊறிய காகிதம் மாதிரி அந்த இடம் மற்ற பல்லோடு ஒன்றிவிடும். இது சொத்தையின் ஆரம்பத் திட்டில் நன்றாக வேலை செய்கிறது. லேசான ஃபுளோரோசிஸில் பெரும்பாலும் திருப்தியாக இருக்கிறது. எம்ஐஹெச் திட்டில் எப்படி வரும் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்க முடியாது. பால்புரதத்திலிருந்து செய்யும் கிரீம் ஒன்றும் விற்கிறார்கள். ஃபுளோரைடு பேஸ்ட்டைவிட அது கூடுதலாக என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பால் ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கு அது கூடவே கூடாது. எட்டு வயதுப் பல்லைச் சீவி உறை போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வயதில் பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் உள்ள பகுதி பெரிதாக இருக்கும், சீவினால் அது பாதிக்கப்படலாம். சீவிய பல் திரும்ப வராது.

அதைவிட முக்கியமாக, திட்டு அவனுக்குக் குறையாகத் தெரிகிறதா என்று அவனிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்து, போட்டோவில் வாயை மூடிக்கொள்கிறான் என்றால் காத்திருக்க வேண்டாம், எளிய முறையில் செய்துவிடலாம். அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்றால், மற்றப் பற்களும் முளைத்து முடியட்டும். அவன் முன்னால் உட்கார்ந்து திட்டைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசாமல் இருப்பதும் நல்லது.

அவசரம் சின்னவளுக்குத்தான். மேல் முன்பற்களுக்கு ஃபுளோரைடால் அதிக ஆபத்து உள்ள காலம் ஏறக்குறைய ஒன்றேகால் வயதிலிருந்து மூன்று வயதுவரை. அவள் இப்போது அதற்குள்தான் இருக்கிறாள். வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். அளவு அதிகம் என்று வந்தால் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம் என்று பாட்டி சொல்லக்கூடும். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி இன்னும் கூடத்தான் செய்யும். மண்பானையும், மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியும், புற ஊதா விளக்கு மட்டும் உள்ள கருவியும் இதற்கு உதவாது. ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ குடிக்கவும், சமைக்கவும், பால் கலக்கவும் பயன்படுத்தச் சொல்லுங்கள். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் இருக்கட்டும். அவளுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் போடலாம், ஒரு அரிசி அளவுக்கு மேல் வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. டியூப்பை அவள் கையில் கொடுக்காதீர்கள், இனிப்பாக இருப்பதால் தின்றுவிடுவாள்.

இன்று இரவு மகனைப் படுக்க வைத்து, செல்போன் விளக்கில் நான்கு மூலையிலும் கடைசிப் பல்லைப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டு இருந்தாலோ, மூலை உதிர்ந்திருந்தாலோ, குளிர்ந்த தண்ணீருக்குக் கூசுகிறது என்று அவன் சொன்னாலோ, இந்த வாரமே பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைவாய்ப்பற்கள் நன்றாக இருந்தால் அடுத்த பள்ளி விடுமுறையில் காட்டினால் போதும். ஊரிலிருந்து தண்ணீர்ச் சோதனை முடிவு வந்ததும் அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், தங்கைக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.